மூன்றாம் பேஸ் ஓரத்தில் ஒரு கை

சம்பளப் பட்டியலில் என் பெயர்
எலக்ட்ரீஷியனுக்குக் கீழே, தோட்டக்காரருக்கு மேலே.
ஆர். அர்த்தநாரி,
உதவிப் பயிற்சியாளர் (பேஸ்பால்), தொகுப்பூதியம்.
பேரிலேயே பாதிதானே சார் இருக்கு
என்பார் அக்கவுண்ட்ஸ் ஜெயசீலி மேடம்.
பதினேழு வருஷமாக அதே பகடி.
பதினேழு வருஷமாக நானும் சிரிக்கிறேன்.

வெள்ளக்கல்பட்டிப் பக்கம், சுரங்கத்துக்குப் பின்னால் மைதானம்.
காற்றடித்தால் வெள்ளைத் தூள் வந்து படிந்து
நான் போட்ட கோடெல்லாம் காணாமல் போகும்.
ஏற்காட்டு மலை இன்னும் இருட்டாக நிற்கையில்
சுண்ணாம்பு டப்பாவும் கயிறுமாக
மறுபடி அளப்பேன்.
பேஸுக்குப் பேஸ் தொண்ணூறடி.
எங்கள் வீட்டு மனை அதில் பாதி வராது.

கிரிக்கெட்டா சார்? என்பார்கள் சாலையில் போகிறவர்கள்.
இல்லைங்க.
ஸ்டம்பையே காணோம்?
கிடையாதுங்க.
அப்ப எப்படி அவுட் ஆவாங்க?
அதுக்கா வழியில்லை!

மூன்று தலைமைப் பயிற்சியாளர்களுக்கு
உதவியாக இருந்துவிட்டேன்.
முதலாமவர் வாலிபால்காரர்;
டீயில் பிஸ்கட் நனைத்து எடுப்பதில் மட்டும் துல்லியம்.
இரண்டாமவருக்கு ரயில்வேயில் வேலை வந்தது.
மூன்றாமவர் தாளாளரின் மச்சினர் மகன்.
நான் சேர்ந்த வருஷம் அவர் ஆறாம் வகுப்பு.
ஸ்லைடு எப்படி என்று அவருக்குக் காட்ட
நாற்பத்து நாலு வயதில் மண்ணில் சறுக்கினேன்.
குளிர் வந்தால் வலது முழங்கை
இன்னும் அதைச் சொல்லும்.

ஒன்பது பேருக்கு ஏழு கையுறை.
இன்னிங்ஸ் மாறும்போது எதிரணியிடம் இரவல்,
அவர்கள் வியர்வை காயாமலே.
பந்து பிரிந்தால் நானே தைப்பேன்:
செவ்வாய்ப்பேட்டைச் சிவப்பு நூல், இரண்டு ஊசி, நூற்றெட்டுத் தையல்.
டிவி பார்த்தபடி எண்ணிக்கொடுப்பாள் பூங்கோதை.
விளம்பரத்தில் எண்ணிக்கை தவறினால்
தொண்ணூறுன்னே வச்சுக்கங்க, என்பாள்.

தொப்பியைத் தொட்டால், நில்.
காதைத் தொட்டால், அடுத்த பேஸைத் திருடு.
பெல்ட்டைத் தொட்டால், இதுவரை காட்டியதெல்லாம் பொய்.
சம்பள உயர்வு கேட்டு முதல்வர் முன் நின்றபோது
கை தானாகக் காதுக்குப் போனது.
என்ன, கேட்கலையா? என்றார்.
கேட்டுதுங்க சார்.
பெல்ட்டைத் தொட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பல்கலைக்கழக இறுதி ஆட்டம், எங்கள் மைதானத்திலேயே.
ஒன்பதாவது இன்னிங்ஸ், சம நிலை.
இரண்டாம் பேஸில் வாழப்பாடிப் பையன் பூவரசன்.
பந்து இடப்பக்கம் பறந்து, விழுந்து, உருண்டது.
அவன் என்னை நோக்கி வந்தான், மூச்சிரைக்க.
எதிரணிக்காரன் கைக்குப் பந்து போய்விட்டது; அந்தக் கை எனக்குத் தெரியும்,
அரையிறுதியில் இரண்டு பேரைச் சாய்த்த கை.
நில்!
உள்ளங்கை விரிய வலக்கையை உயர்த்தினேன்.
நில்லுடா!
அவன் பேஸை மிதித்தான், திரும்பினான், போயே விட்டான்.

வெள்ளைப் புழுதி.
கொஞ்ச நேரம் யாரையும் காணோம்.
அப்புறம் நடுவரின் இரண்டு கைகளும் பக்கவாட்டில் விரிந்தன.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது.
நடுவில் சறுக்கும் பூவரசன்.
இடது ஓரத்தில், முழங்கைக்கு மேல் மட்டும்
உயர்ந்து நிற்கும் ஒரு கை.
கீழே தலைமைப் பயிற்சியாளர் பெயர், தாளாளர் பெயர்.
நோட்டீஸ் போர்டில் இடம் போதாமல்
ஓரத்தை மடித்து ஒட்டினார் ஜெயசீலி மேடம்.
மடிப்புக்குப் பின்னால் இருக்கிறேன்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை கிடைத்ததும்
ஆவடியிலிருந்து போன் செய்தான்.
சார், அன்னைக்கு நான் நின்னுருப்பேன் சார்.
நீங்க கையத் தூக்கி
ஓடுன்னு காட்டினீங்க பாருங்க,
அதான் சார் ஓடினேன்.

பூங்கோதை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.
அவளுக்கு நடந்தது தெரியும்.
என்னையே பார்த்தாள்.

சரிப்பா, என்றேன்.
உடம்பப் பாத்துக்க.