முறை

தீர்ப்பு நகல் பதினோரு பக்கம்.
ஒன்பதாம் பக்கத்தில்தான் பிள்ளை வருகிறாள்.
அதற்கு முன்னால்
புல எண்கள், நான்கெல்லை,
எண்பத்தி நாலு கிராம் நகை,
கிரைண்டர் எனக்கு, ஃபிரிட்ஜ் அவருக்கு,
ஆர்.சி. புத்தகம் தொலைந்துபோன ஒரு மொபட்.

மைனர் மகள் இசைமொழி, வயது எட்டு,
தாயிடம் இருக்க வேண்டியது.
முதல் சனி, மூன்றாம் சனி
காலை பத்து முதல் ஞாயிறு மாலை ஆறு வரை
தகப்பனிடம்.
ஆற்றில் தண்ணீர் குறைந்தால்
லஸ்கர் எழுதி ஒட்டுவானே,
மேல்மடைக்கு ஆறு நாள், கடைமடைக்கு ஆறு நாள்,
அதே எழுத்து.
வக்கீலிடம் சொன்னேன்.
அவர் டவுனிலேயே பிறந்தவர்,
கையெழுத்துப் போடுங்க என்றார்.

கைமாற்றும் இடம் நீடாமங்கலம் ரயில்வே கேட்.
அவர் அக்கா வீடு வடக்கே, நான் தெற்கே.
என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும்வரை
கேட் திறக்காது.
அந்த அரைமணி யார் கணக்கு?
பதினோரு பக்கத்திலும் இல்லை.
முதல் சனியன்று அதற்கும் சண்டை,
தண்டவாளத்துக்கு இப்பக்கமும் அப்பக்கமும் நின்று
போனில்.
இசை வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தாள்.
உப்பு பத்தலை என்றாள்.

நிலத்தில்தான் எல்லோரும் ஏமாந்தோம்.
ஒன்பது மாவில் ஆளுக்கு நாலரை.
சர்வேயர் கல் நட்டுவிட்டுப் போனபிறகு பார்த்தால்
போர் அவர் பக்கம்,
வாய்க்கால் என் பக்கம்.
இன்னொரு கேஸ் போடலாம் என்றார் வக்கீல்.
விதைத்துப் பதினெட்டு நாள்.
நாற்று வாய்தா கேட்காது.

போன மூன்றாம் சனி, ராத்திரி ஒன்றரை.
அவர் நம்பர்.
எடுக்கக் கூடாதென்று ஒரு வருஷம் பழகிய விரல்
இவள் அங்கே தூங்கும் ராத்திரிகளில் மட்டும்
எடுத்துவிடும்.

அம்மா, நாங்க வயல்ல இருக்கோம்.
த்ரீபேஸ் வந்துடுச்சு.
நான்தான் டார்ச் அடிச்சேன், ஸ்டார்ட்டரத் தொடல.
மடையத் திறந்தாச்சான்னு
அப்பா கேக்கச் சொன்னாங்க.

பத்தாம் பக்கம், நாலாவது வரி:
இரவில் மைனரை வெளியே கூட்டிச் செல்லலாகாது.
வாட்ஸப்பில் வக்கீலுக்கு ஒரு வரி போதும்.
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த மூலையில் வெளிச்சம்
தவளையைத் துரத்திக்கொண்டிருந்தது.
அவர் எங்கே நின்றார் என்று தெரியவில்லை.
தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபோது
மடையை இன்னொரு சாண் வெட்டிவிட்டேன்.
மோட்டார் விடிய விடிய ஓடியது.

ஞாயிறு, கேட் சாத்தியிருந்தது.
மணி ஆறேகால்,
ஆறு இருபத்தைந்து.
அந்தப் பக்கத்தில் இசை
காலியான சரக்குப் பெட்டிகளை
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.
நகத்திலெல்லாம் சேறு.

இன்னிக்குச் சண்டை இல்லியா அக்கா
என்றாள் வெள்ளரிக்காரி.

இருக்கு, நாளைக்கு.
யூரியா மூட்டையில் பாதிக்காசு
அவர் தரணும்.