கீல் பக்கம்

கதவு திறக்கும் பக்கம் இப்போது நிற்பதில்லை.
கீல் இருக்கும் பக்கம் போய்
மூக்கை மரத்தில் ஒட்டிக்கொண்டு
நிற்கிறது பாஸோப்.
பதினான்கு வருடமாய்
இதே கதவு, இதே தாழ்ப்பாள்.

எங்கள் மொழியில் பாஸோப் என்றால்
'பார்த்து!' என்று அர்த்தம்.
குட்டியாய் வந்த அன்றே
துறைமுகத்தில் கயிறு ஒன்றைக் கடித்தறுத்து
பக்கத்து வீட்டுப் படகை மிதக்கவிட்டதால்
எய்லெர்ட் வைத்த பெயர்.
இருபது எஞ்சின்களுக்கு நடுவே
அவனுடைய எஞ்சினை மட்டும் பிரித்துக் கேட்டு
கால் மணி நேரம் முன்பே கரைக்கு ஓடும்.
இன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று
அதுவும் திரும்பிப் பார்க்கிறது,
சுவரை.

நான் திட்டினேன். மறைக்கவில்லை.
மீன் ஆலையில் பத்து மணி நேரம்
ஈரக் கையுறையோடு நின்றுவிட்டு வந்தால்
கம்பளத்தில் குளம்.
வேண்டுமென்றே செய்கிறாய் என்றேன்.
வாலை ஆட்டியது,
சொன்னதில் பாதி நல்ல செய்தி என்பதுபோல.

நடுச்சாமத்தில் நகங்களின் சத்தம்.
சமையலறை, கூடம், சமையலறை, கூடம்.
எப்போதும் வலப்பக்கமாகவே சுற்று.
சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து
பின்னால் நகரலாம் என்பது மறந்துபோய்
அங்கேயே நின்று குரைக்கும்.
ஒரே ஒரு குரைப்பு.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
மூடுபனியில் படகு ஊதுகிற மாதிரி.

ஒருநாள் எய்லெர்ட்டைப் பார்த்து உறுமியது,
காதுக்கடியில் அவன் கை போனபோது.
அன்றைக்குத்தான் போன் செய்தான்.
யாருக்கும் போன் செய்கிறவன் இல்லை அவன்.

வாட்ஸோவிலிருந்து மாரெத் வந்தாள்.
பூட்ஸைக் கழற்றுமுன் வாயைத் திறந்து பார்த்தாள்.
கடைவாயில் ஒரு பல் அழுகியிருந்தது.
"உறுமல் இது" என்றாள்.
இடுப்பை மெல்ல அழுத்தி,
"படி ஏறாதது இது."
ரத்தம் எடுத்தாள். சிறுநீர் எடுத்தாள்.
எடுக்க முடியாத மீதியை
மறதி என்றாள்.
"பகலையும் இரவையும் மாற்றிக்கொள்ளும்."

நான் சன்னலைப் பார்த்தேன்.
மதியம் ஒரு மணி. தெருவிளக்கு எரிந்தது.
சூரியன் போய் மூன்று வாரம்,
திரும்பி வர இன்னும் ஐந்து.
டிசம்பரில் வார்டோவில்
யார்தான் மாற்றிக்கொள்ளவில்லை?
மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.
பாஸோப்பின் வாய் இன்னும் திறந்தே இருந்தது.

பல் போனதும் உறுமல் போயிற்று.
சோபாவைச் சுவரோடு ஒட்டித் தள்ளினோம்.
ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு.
மற்றபடி எதையும் இடம் மாற்றாதீர்கள்,
அதனிடம் மிச்சமிருக்கிற வரைபடம் இந்த வீடுதான்
என்று மாரெத் எழுதிக் கொடுத்த தாள்
குளிர்பெட்டியின் மேல், காந்தத்துக்கடியில்.

அதே வாரம் சனிக்கிழமை
ஆலையிலிருந்து வருகிறேன்,
வாசலில் கதவே இல்லை.
இரண்டு ஸ்டூல்களின் மேல் அதைக் கிடத்தி
கோட்டு போட்டபடி எய்லெர்ட்
கீல்களைக் கழற்றிக்கொண்டிருக்கிறான்.
வீடெங்கும் கடல்காற்று.
என் பழைய ஸ்வெட்டருக்குள் பாஸோப்.
என்ன இது என்றேன்.
வாயில் கவ்வியிருந்த திருகாணிகளை
ஒவ்வொன்றாய் உள்ளங்கையில் எடுத்து வைத்துவிட்டு,
"அது நிற்கிற பக்கம் திறக்கட்டும்" என்றான்.

அன்றிரவு போய் நின்றது,
மூக்கை மரத்தில் ஒட்டி.
அவன் தாழ்ப்பாளை நீக்கினான்.
முகத்தில் குளிர் அடிக்க
கொஞ்சம் யோசித்துவிட்டு
பனிக்குள் இறங்கிப் போனது,
போன வருடத்து நடையில்.

நாங்கள்தான் இன்னும் பழகவில்லை.
இரண்டு கையிலும் பைகளோடு வந்து
இருட்டில் தோளால் முட்டிக்கொண்டு
கீல் பக்கம் நிற்கிறோம்.
எங்கள் பின்னால் பாஸோப்
காத்திருக்கிறது.
அவசரப்படுத்துவதில்லை.