வலப்பக்கக் கியர்

மல்லாவிச் சந்திக்கு மேற்கே
கேற்றும் கூரைச்சட்டமும் ஒட்டுகிற கொட்டிலில்
என் பி.எஸ்.ஏ. நிற்கிறது, வயிறில்லாமல்.
பழைய தாங்கி இரணைப்பாலைப் பக்கம் எங்கோ
கோழிக்குத் தண்ணி வைக்கிற சட்டியாய் இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

"ஹொண்டாத் தாங்கி ஒண்டைக் கொழுவி விடட்டே?
அரைநாள் வேலை" என்றார் குலவீரசிங்கம்.
ஹொண்டாவே வேண்டாமென்றுதானே இதை வாங்கினேன்.
ஊரெல்லாம் இடக்காலால் கியர் மாற்றுகிறது;
இதைச் செய்த வெள்ளைக்காரன் வலக்காலுக்குக் கொடுத்திருந்தான்.
எனக்கு மிஞ்சினது வலக்கால்.
இடப்பக்கம் பிறேக்.
அதற்கு வேண்டியது பாரம், விரல்கள் அல்ல.

துணுக்காய், பாண்டியன்குளம், வவுனிக்குளத்துக்கு அங்கால்,
பின்சீற்றில் நைதரசன் குடுவையைக் கட்டிக்கொண்டு
மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற உத்தியோகம் எனக்கு.
மாடு காத்திருக்காது.

அவர் சைக்கிளை அளக்கவில்லை.
என்னை ஏற்றி இருத்தினார்.
பால்மாப் பெட்டி மட்டையை வெட்டிச் சேணம் மாதிரி மடித்து,
தொடைக்கும் மட்டைக்கும் நடுவே பென்சிலை ஓட்டினார்.
இடப்பக்கம் வந்ததும் நின்றார்.
காற்சட்டைக்கு மேலால் இரண்டு தட்டு.
டொங். டொங்.

"அலுமினியம். கழட்டும் பாப்பம்."

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ரிவெற் தலையை உள்ளுக்க விட்டு
வாலை வெளியால அடிச்சிருக்கு.
இது நானில்லை.
அப்ப நாங்கள் நாலு பேர் கால் அடிச்சனாங்கள்.
இப்பிடி அடிக்கிறவள் அமலதீபா ஒருத்திதான்.
உள்பக்கம் மொழுமொழுவெண்டு இருந்தால்
தோல் உரையாது எண்டுவாள்.
நேரம் போகுதெண்டு நாங்கள் பேசுவம்."

பதினேழு வருசம் என் தோல் உரையவில்லை.
அது என் தோலின் கெட்டித்தனம் என்றிருந்தேன்.
அவள் எங்கே என்று நான் கேட்கவில்லை.
அவர் காஸைத் திறந்து
பொறி தட்டினார்.

"எத்தினை லீற்றர்?"
பழசு எட்டுப் பிடித்தது. எட்டே போதும்தான்.
ஆனால் போத்தல் மூடியால் பெற்றோல் அளந்து ஊற்றி,
எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி,
புகைக்குள்ளே ஊர் போய் வந்தவனுக்குப்
போதும் என்ற சொல் லேசில் வராது.
"பன்னிரண்டு."
அவர் சிரிக்கவில்லை. பன்னிரண்டென்று சுவரில் எழுதினார்.

தகரத்தைக் குழிக்க மண்மூட்டை வேணும் என்றார்.
நானே கட்டிக் கொடுத்தேன்.
அதுமட்டும் இந்தப் பக்கத்தில்
யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.
மரச்சுத்தியல். ஒரே இடத்தில் இரண்டாம் அடி விழாது.
வலப்பக்கம் தொடைக்குத் தக்க மெல்லிய பள்ளம்.
இடப்பக்கம் ஆழமாக, நேராக,
உள்ளே வளையத் தெரியாத காலுக்காக.
இரும்பும் அலுமினியமும் உரசிக் கத்தாமலிருக்க
லொறி ரியூப்பில் ஒரு துண்டை வெட்டி ஒட்டினார்.
முன்னால் நின்று பார்த்தால்
பல்லுவலிக்காரனின் கன்னம்.
என் மனுசி பார்த்துவிட்டு,
"கலியாணத்தண்டு உங்கட முகம்" என்றாள்.

வாய்களை அடைத்து, காற்றடித்து,
தொட்டித் தண்ணீரில் அமுக்கினோம்.
மூன்று குமிழி. ஒட்டினார்.
ஒரு குமிழி. ஒட்டினார்.
பிறகு தண்ணீர் சும்மா இருந்தது.
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
தேவைக்கு மேலே கொஞ்சநேரம்.

காசு கொடுத்துவிட்டு எண்ணெய் கலந்து ஊற்றும்போதுதான் கண்டேன்:
மூடியின் பிணைச்சலில் இரண்டு ரிவெற்.
விரலை விட்டுத் தடவினேன்.
தலை உள்ளே, மொழுமொழுவென்று.
வால் வெளியே.

பெற்றோலுக்குத் தோல் ஏது, அண்ணை?

கேட்கவில்லை. அவர் அடுத்த கேற்றுக்குக் குனிந்துவிட்டார்.
மூன்றாம் உதையில் எஞ்சின் பிடித்தது.
பனங்காமம் தாண்ட, குழாயடியில் ஒரு துளி கசிந்தது.
கடையில் சவர்க்காரம் வாங்கிக்
கிள்ளி அப்பியிருக்கிறேன்.
திங்கள்வரை தாங்கும்.