இடதுகை ஆட்டக்காரன்

அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள்:
தார்மோ ஓயனென். உயரம் நூற்றெண்பத்து நான்கு.
இடதுகை ஆட்டக்காரன்.

இடதுகைக்காரன் இல்லை அவன்.
சூப்பை வலக்கையால்தான் குடிப்பான்.
என் சடையைப் பிடித்து இழுத்ததும் வலக்கைதான்.
காகித ஆலையில், யாரோ விட்டுப்போன சாமான்கள் கிடந்த பெட்டியில்
அப்பாவுக்கு அகப்பட்ட ஒரே மட்டை
இடப்பக்கம் வளைந்திருந்தது.
மட்டையைத் திருப்ப வழியில்லை.
ஆறு வயதில் அவன் திரும்பிக்கொண்டான்.

அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை.
நவம்பரில் ஏரிக்கு மேல்தோல் மூடியதும்
தீயணைப்புக் குழாயை மைதானத்துக்கு இழுத்துவருவார்.
ஒரு சுற்றுத் தண்ணீர்.
உறையும் வரை ஒரு சிகரெட்.
மறுபடி ஒரு சுற்று.
வயலுக்குப் பாய்ச்சுகிற அதே கவனம்,
ஆனால் இங்கே எதுவும் முளைத்துவிடக் கூடாது.
தார்மோ பின்னாலேயே குனிந்து நடப்பான்,
பைன் ஊசிகளைப் பொறுக்கியபடி.
ஒற்றை ஊசி உறைந்து நின்றால் போதும்,
ஓடுகிறவனைக் குப்புறத் தள்ளிவிடும்.

வலைக்கு முன்னால் நான்.
விரும்பியல்ல. வேறு ஆள் கிடையாது.
சோபாவின் இரண்டு மெத்தைகளைச் சணலால் காலில் கட்டி
அம்மாவின் அடுப்புக் கையுறையோடு நிற்பேன்.
ஒன்பது மணிக்கு நகராட்சி விளக்கு அணைந்துவிடும்.
அதற்கப்புறம்தான் எங்கள் ஆட்டம்.
இருட்டில் வட்டு தெரியாது, கேட்கும்:
மட்டையை விட்டுக் கிளம்பும்போது ஒரு சத்தம்,
பலகையில் மோதினால் ஒரு சத்தம்,
என்மேல் பட்டால்
நான்தான் சத்தம்.

இப்போது வர்ணனையாளர் வியக்கிறார்,
கீழே பார்க்காமலே ஆடுகிறானே, பிறவி மேதை என்று.
பிறவியும் இல்லை, மேதையும் இல்லை.
மின்கட்டணம்.

எனக்குப் பதிமூன்று நடந்த குளிர்காலத்தில்
என் முன்பல்லை எடுத்தான்.
முழங்காலிட்டுத் தேடினோம், இரண்டு பேரும்,
வெள்ளைக்குள் ஒரு வெள்ளையை.
"ஓனெர்வா, சொல்லிவிடாதே" என்று அழுதான்.
வாயைத் திறந்தால் தானே தெரியப்போகிறது!
மே மாதம் பனி உருகியபோது
அப்பா அதைக் கண்டெடுத்தார்,
சட்டைப்பையில் திருகாணிகளோடு வீட்டுக்கு வந்தது என் பல்.

ஓலுவிலிருந்து ஒருவர் வந்தார், தோல் தொப்பி, சிறிய நோட்டு.
தார்மோவைப் பார்த்து ஒரு பக்கம் எழுதினார்.
"வலையில் யார்?" என்றார்.
"அவன் அக்கா" என்றார் அப்பா.
நோட்டை மூடிவிட்டார்.

பதினைந்து வயதில் ஓலுவுக்குப் போனான்.
பதினோராம் நாள் இரவுப் பேருந்தில் திரும்பி வந்தான்.
வீட்டுக்குள் வரவில்லை.
என் ஜன்னலில் பனியுருண்டை விழுந்தது.
"வந்து நில்" என்றான்.
"மாட்டேன்" என்றேன்.

வெற்று வலைக்குள் அடித்தான்.
படுக்கையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.
அடிப்பான், போவான், எடுப்பான், வருவான்.
தடுக்க ஆளில்லாத வட்டுக்கு
ஒரே மாதிரியான, ருசியற்ற சத்தம்.
நாற்பது வரை எண்ணியிருப்பேன்.
நாற்பத்தொன்றை எடுக்கப் போகவில்லை அவன்.
ஆறு பத்துக்குப் பேருந்து.

தம்பியை ஆளாக்கிய அக்கா என்று
பேட்டியில் என்னைப் புகழ்ந்து சொல்கிறான், பைத்தியக்காரன்.
மறுநாள் எனக்குக் கணக்குத் தேர்வு.
தூக்கம் வந்தது. அவ்வளவுதான்.
அவ்வளவுதானா என்று
யாரும் கேட்காமல் இருக்கும் வரை, அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன், ரோவனியெமியில், இரவு வேலை.
மருத்துவமனைக் கூடத்துத் தொலைக்காட்சியில்
சில நாள் அவன் வருகிறான்.
மட்டை உயர்கிறது,
மேசைக்குக் கீழே என் முழங்கால்கள்
என்னைக் கேளாமல் ஒட்டிக்கொள்கின்றன.
நோயாளிகள் உறங்குவதால் ஒலியை அடைத்துவைத்திருப்பார்கள்.
ஆயிரம் விளக்கு எரியும் அரங்கம்.
வட்டு எங்கே போகிறதென்று
எனக்குத் தெரியவே மாட்டேன் என்கிறது.