கண்ணாடிமேல் பதினேழு உறைகள்

ஞாயிறு காலை, மலையடிவாரத்து ரேஞ்சில்
நான்காவது தோட்டா வெடிக்கவில்லை.
டிக் என்றது. அவ்வளவுதான்.
குழலை மண்மேட்டை விட்டு அசைக்காமல்
முப்பது எண்ணினேன்.
எண்ணி முடிப்பதற்குள் சேர்வராயன் மேல் ஒரு மேகம்
பாதி மலையைத் தின்றிருந்தது.
பக்கத்துத் தடத்தில்
காபி எஸ்டேட் கணக்கர் பெலிக்ஸ்
என்னைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

மறுபடி அடித்தேன். வெடித்தது.

முதல் அடி அதை உட்காரவைத்திருக்கிறது,
இரண்டாவதுதான் எழுப்பியிருக்கிறது.
அப்படியென்றால் தப்பு மருந்தில் இல்லை,
துப்பாக்கி ஊசியில் இல்லை.
சூரமங்கலத்தில், என் மேசையில்,
நான் நெம்புகோலை அழுத்திய விதத்தில்.

மதியம் மின்விசிறியை அணைத்துக் கதவைச் சாத்தி
லைசென்ஸ் புத்தகத்துக்குப் பக்கத்தில் டப்பாவைத் திறந்தேன்.
மருந்து போடாத உறைகள் பதினேழு.
ப்ரைமர் மட்டும் ஏறியவை.
கொலுசுத் திருகின் தலையளவு இருக்கும் அது;
உறையின் அடியோடு சமமாக நிற்கவேண்டும்,
முடிந்தால் ஒரு மயிரிழை கீழே.
மேலே நின்றால்
ஊசியின் பலமெல்லாம் அதைத் தள்ளுவதிலேயே தீர்ந்துபோகும்.
தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்.
இரும்பாலையில் தகட்டின் மேடுபள்ளத்தை
அளவுகருவி வருமுன்னே
விரல் வைத்துச் சொன்னவன்.

ப்ரைமர் ஏற்றாத உறைகளை முதலில் பார்த்தேன்.
குழியில் கரி. பால் பொங்கி அடிப்பிடித்தது மாதிரி
பழைய சுடலின் கரி, சுரண்டச் சுரண்ட வந்தது.
ஓர் உறை வேறு கம்பெனி, குழி ஆழம் குறைவு.
நெம்புகோலின் முளை லேசாக ஆடியது. முடுக்கினேன்.
காரணம் தேடினால் மூன்று கிடைக்கிறது,
ஒன்று போதும் என்றிருக்கிறவனுக்கு.

பிறகு பதினேழையும் விரலால் தடவினேன்.
சமம் என்றது விரல். சமம். சமம்.
பதினேழும் சமம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை.
குளியலறையிலிருந்து சவரக் கண்ணாடியைக் கழற்றிவந்து
படுக்கவைத்து
ஒவ்வொன்றாக அதன்மேல் நிறுத்தினேன்.
பதின்மூன்று நின்றன.
நான்கு, சாயப்போகும் பம்பரம்போல்
தலையாட்டின.

ஆடியதை எடுத்துத் தடவினேன்.
சமம் என்றது விரல்.
நடுவிரலும் அதையே சொன்னது.
காலை ஆறு மணிக்குச் சர்க்கரை பார்க்க
ஏழு வருஷமாக ஊசி குத்திய விரல்கள்.
போன மாதம் சட்டைப் பொத்தானோடு
போராடிக்கொண்டிருந்ததைப்
புதுச்சட்டை என்று சொல்லிவைத்திருந்தேன்.

சுகிர்தாவைக் கூப்பிட்டேன்.
மாங்காய் அரிந்துகொண்டிருந்தவள் அப்படியே வந்தாள்.
"கையைக் கழுவு. சோப்புப் போட்டு.
எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் இது செத்துப்போகும்."
"எல்லாம் சாகத்தான் போகுது" என்று முணுமுணுத்தபடி
கழுவித் துடைத்து உட்கார்ந்தாள்.
என்ன பார்க்கணும் என்று கேட்கவில்லை.
சுட்டுவிரலை உறைகளின் அடியில் ஓடவிட்டாள்,
அரிசியில் கல் தேடுகிற வேகத்தில்.

"இது.
இது.
இது ரெண்டும்.
இதுவுங்கூட."

ஐந்து.
ஐந்தாவது கண்ணாடியில் ஆடவில்லையே என்றேன்.
"ஆடலைன்னா? துருத்துது."
இரும்புப் பட்டையை வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஓரத்தில் ஒளி ஓர் இழை தெரிந்தது.
துருத்தத்தான் செய்தது.

இன்னொரு அழுத்து அழுத்தி இறக்கிவிடக்
கை துறுதுறுத்தது.
அந்தக் கையை நம்பி அழுத்தவேண்டாமென்று
ஐந்தையும் ஒரு டம்ளரில் ஒதுக்கி மேலே தாள் போட்டு
'தொடாதே' என்று எழுதினேன்.
எனக்காகத்தான் எழுதினேன்.

அவள் போகவில்லை.
என் வலக்கையை எடுத்துத் திருப்பி
கட்டைவிரல் நகத்தால் என் விரல் நுனியை அழுத்தினாள்.
முகத்தைப் பார்த்தாள்.
கொஞ்சம் கூட அழுத்தினாள்.
நகம் பதிந்த இடத்தில் பிறை விழுந்திருந்தது,
நான் அதைக் கண்ணால்தான் பார்த்தேன்.

"எப்போதிருந்து?"

பதில் சொல்லாமல், அசையாமல்,
எண்ணத் தொடங்கினேன்.
இருபத்தைந்து இருக்கும், அதற்குள்
மறுபடி கேட்டாள்.