லோ வோல்டேஜ்

முதல் ரீமிக்ஸைச் செய்தது மின்வாரியம்தான்.
மூஞ்சிக்கல்லில் சாயங்காலம் ஆறரைக்கு
எல்லா வீட்டிலும் ஹீட்டர் போடுவார்கள்.
என் மேசைமேல் இசைத்தட்டு தள்ளாடும்.
முப்பது வயதில் பாட ஆரம்பித்தவன்
இரண்டாம் வரிக்குள் எழுபதாகிவிடுவான்.
கரண்ட் நிமிர்ந்ததும் மறுபடி இளைஞன்,
நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி.

கீசர் கெட்டால் என்னைக் கூப்பிடுவார்கள்.
கீசர் கெட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
தண்ணீர் சுட்டதும் பேரை மறந்துவிடுவார்கள்.

மிஷன் பங்களாவை வாங்கிய மதுரைக்காரரிடம்
காயில் மாற்றிய கூலி வேண்டாம்,
மாடிப்படிக்கடியில் கிடக்கும் பெட்டி போதும் என்றேன்.
வாட்ச்மேன் சூசை தூக்கிப் பார்த்தார்:
"தோசை சுடக்கூட ஆகாதே தம்பி."

நாற்பத்தொரு தட்டு. நாற்பது ஞானப்பாட்டு.
மிச்சம் ஒன்று,
ஞானப்பாட்டு உறைக்குள் ஒளிந்திருந்தவன்.
லேபிளைப் பூச்சி தின்றிருந்தது, பேர் இல்லை.
முள்ளை வைத்தேன்.
ஒரு கிட்டார். ஒரு நாற்காலியின் கிறீச்.
இங்கிலீஷில் ஒரு வரி. திரும்பவும் அதே வரி.
மூன்றாவதில்தான் விஷயத்துக்கு வருகிறான்.
பாதி புரியவில்லை. ரயில் என்கிறான், அவள் என்கிறான்.
யார் ஒளித்துவைத்திருப்பார்கள்?
ஜெபம் முடிந்து விளக்கணைந்த பிறகு
கிராமபோன் புனலுக்குள் கம்பளிச் சாக்ஸைத் திணித்து
தனியாகக் கேட்ட அந்த ஆளை
எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அதன்பிறகு கை நிற்கவில்லை.
தட்டுகள் பாத்திர ஸ்டாண்டில் காய்கின்றன,
சாப்பாட்டுத் தட்டுகள் கட்டிலுக்கடியில்.
பனியில் பூஞ்சை ஏறும். ஸ்பிரிட் தொடக்கூடாது,
கரைந்துவிடும், அரக்கு அல்லவா.
நம் காட்டு மரத்தில் ஒரு பூச்சி கக்கியது
கப்பலேறிப் போய்
அங்கே ஒருவன் தொண்டையை வாங்கிக்கொண்டு
வத்தலக்குண்டு வழியாக மேலேறி வந்திருக்கலாம்,
ஒரு கொண்டை ஊசியிலும் உடையாமல்.
சூடுதான் என் பிழைப்பு, தட்டுக்கு ஆகாததும் சூடுதான்.
என் அறையில் ஹீட்டர் கிடையாது.
குளிரட்டும்.

பெனடிக்டா கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவள்.
கம்ப்யூட்டரில் ஏற்றி, கீறலையெல்லாம் துடைத்துக் கொடுத்தாள்.
கேட்டோம். இருவரும் பேசவில்லை.
குரல் நடுரோட்டில் துணியில்லாமல் நின்றது.
"போர்த்திவிடு" என்றேன்.
கீறலைத் திரும்பப் போட்டாள்.
போன ஐப்பசியில் தகரத்தில் பெய்ததைப் போட்டோம்.
பழைய டாங்க்கில் உப்பு உடையும் டக், டக்,
அதுதான் தாளம்.
கடைசி பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்டக்டர் விசில்.
தவில் சேர்க்கலாம் என்றாள். கூடாது என்றேன்.
சேர்த்துவிட்டாள்.
மோசமில்லை, ஆனால் அவளிடம் சொல்லவில்லை.

கடைசி அடியில் தட்டு விரிசல்.
ஒரு வரி வரும், திரும்பவும் வரும்,
மூன்றாவதில் முள் தாவிவிடும்.
ரயிலில் ஏறினானா, அவள் ஏறினாளா,
தண்டவாளம்தான் மிச்சமா,
இனி யாருக்கும் தெரியாது.
அந்தத் தாவலை வெட்டி
பதினாறு முறை சுற்றவிட்டாள் பெனடிக்டா.

பூம்பாறை மினிபஸ்ஸில் பென் டிரைவைக் கொடுத்தேன்.
முன்சீட்டில் ஒரு அம்மா,
மடியில் பை, காலடியில் பூண்டு மூட்டை.
"யாரு வீட்டுல எழவு?"
"தெரியலக்கா, அமெரிக்காவுல" என்றார் டிரைவர்.
வளைவுக்கு வளைவு மூட்டை சரிந்தது,
காலால் தாங்கினார், பிறகு
தாங்க வேண்டாதபோதும் கால் ஆடிக்கொண்டிருந்தது.
முள் தாவும் இடம் வந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று, பதினாறு.

"போயிட்டா போல" என்றார்,
யாரையும் பார்க்காமல்.

இறங்கும்போது மூட்டையை இழுத்துக்கொண்டே சொன்னார்:
"நாளைக்கும் போடு.
அந்தத் தவில மட்டும் எடுத்துரு."

பெனடிக்டாவிடம்
இதையும் நான் இன்னும் சொல்லவில்லை.