நாற்பத்திரண்டாவது கடல்நாய்

ஹாப்சாலுவில் கடல் உறைந்து மூன்று வாரம்.
விமானத்திலிருந்து எடுத்த படங்களில்
பனிக்கட்டிமேல் படுத்துக் கிடக்கும் கடல்நாய்களை
எண்ணித் தருவது லேலோவின் கணினிக்கு வேலை.
கரும்புள்ளி ஒன்று, உயிர் ஒன்று.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் படம்.
முதல் ஓட்டத்தில் நாற்பத்தொன்று.
மறு ஓட்டத்திலும் நாற்பத்தொன்று.
இரவு இரண்டரைக்கு
நாற்பத்திரண்டு.

திரை நீலமாகவில்லை. விசிறி அலறவில்லை.
செத்திருந்தால் தெரிந்திருக்கும்.
இது சாகாமல் பொய் சொல்லிற்று,
அதுவும் ஒன்றே ஒன்று கூட்டி,
மளிகைக் கணக்கில் கைவைக்கும் கெட்டிக்காரனைப் போல.

படத்தை அச்சடித்து
உருப்பெருக்கி வைத்துத் தேடினாள்.
ஒரு நிழலைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டாள்,
இதுவாக இருக்குமோ.
நினைவகத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினாள்.
மின்வழங்கியை மாற்றினாள், அறுபது யூரோ.
நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று,
நாற்பது.
ஒன்று தண்ணீருக்குள் போய்விட்டது.

மிச்சமிருந்தது பிராசஸர்.
பைதே ஊரில் உர்மோ என்பவனிடம் வாங்கிய பழையது.
அதிகம் பயன்படுத்தவில்லை என்றிருந்தான்.
இப்போது கேட்டதும்
தொலைபேசியில் சற்று நேரம் மூச்சு மட்டும் வந்தது.
பிறகு சொன்னான்:

"தொழிற்சாலை அதற்கு விதித்தது
நொடிக்கு நானூற்று முப்பது கோடித் துடிப்பு.
ஐந்நூற்றுப் பத்துக்கு ஏற்றினேன்.
ஏறமாட்டேன் என்றது, வோல்டேஜைக் கூட்டினேன்.
தடுமாறிற்று, இன்னும் கொஞ்சம்.
நாங்கள் ஏழு பேர், ஒரு பட்டியல், ஒரு பந்தயம்.
பதினொரு நிமிடம் நான் முதலிடம்.
பிறகு ராய்கோ வந்துவிட்டான்.
இறக்கியிருக்கலாம்.
ஒன்பது மாதம் இறக்கவில்லை.

ஆனால் குளிர வைத்தேனே!
பிப்ரவரியில் ஜன்னலைத் திறந்து போட்டு,
வெளியே மைனஸ் பத்தொன்பது,
நான் கம்பளிக்குள், அது காற்றில்.
ஐம்பது டிகிரியைத் தாண்ட விட்டதில்லை."

சூட்டை ஜன்னல் வாங்கிக்கொள்ளும்.
அழுத்தத்தை யார் வாங்கிக்கொள்வார்?

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்போம்.
இங்கே ஊர்வது எலெக்ட்ரான்.
தேய்வது, ஒரு தலைமுடியில்
ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத செம்பு.
விரட்டிவிட்ட கூட்டம் ஓடுகிற வழியில்
அணு ஒன்று இடிபட்டு நகர்கிறது,
இன்னொன்று,
ஓரிடத்தில் பள்ளம், ஓரிடத்தில் மேடு.
மெல்லிய சவ்வுகளில் மாட்டிக்கொண்ட மின்சுமை
வெளியே வரத் தெரியாமல் அங்கேயே குடியிருக்கிறது.
நேற்றுப் போதுமாயிருந்த மின்சாரம்
இன்று போதவில்லை.
கூட்டிக் கொடுத்தால் நிற்கும்.
கூட்டிக் கொடுத்ததால்தான் விழுந்தது.

(இதை எழுதும் என் மடிக்கணினியில் அந்த வசதி இல்லை.
இருந்திருந்தால் விட்டுவைத்திருப்பேனா?)

உர்மோ பாதிப் பணம் தருகிறேன் என்றான்.
லேலோ முழுதும் கேட்டாள்.
பேச்சு முப்பத்தைந்து யூரோவில் நின்றது.

அன்றிரவு அவள்
வோல்டேஜைத் தொடாமல்
வேகத்தை மட்டும் குறைத்தாள்.
நானூற்று முப்பதில் பொய்.
நானூற்றுப் பத்தில், விடியும் நேரத்தில் ஒரே ஒரு பொய்.
முந்நூற்றுத் தொண்ணூறில் உட்கார வைத்தாள்.
இரண்டு மணி நேர வேலைக்கு இப்போது மூன்று.
காப்பி போட்டுக் குடித்து
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும்
பாதிதான் முடிந்திருக்கும்.

நாற்பத்தொன்று.
விடிய விடிய நாற்பத்தொன்று.

எத்தனை நாளைக்கு என்று அது சொல்லவில்லை.
அவளும் நம்பிவிடவில்லை.
ஒவ்வொரு படத்தையும் இருமுறை ஓட்டுகிறாள்,
வசந்தத்தில் பனி உடைவதற்குள்
இன்னும் அறுநூறு படங்கள்.

சுவரில் ஒட்டிய அந்த அச்சுப்படத்தில்
பென்சில் வட்டத்தை மட்டும் அழிக்கவில்லை.
மூச்சுவிட மேலே வரும் ஏதோ ஒன்றுக்காகப்
பனியில் விட்டுவைத்த துளை போல
இருக்கிறது.